பிளாஸ்திரி ஒட்டிய சுவிட்ச்

என் வேலையறைச் சுவிட்சுப் பலகையில் ஒரு சுவிட்சின் மேல் மட்டும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, நேற்றுக் காலை வரை. ஒட்டிய நாளில் வெள்ளையாக இருந்தது. வருடக்கணக்கில் தூசி ஏறிப் பழுப்பாகிவிட்டது. வேலையறை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, எங்கள் ஆனையூர் வீட்டில் அது அரிசி மூட்டையும் உடைந்த கட்டிலும் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. பிளாஸ்திரியை ஒட்டியவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் நல்ல மனுஷி, அதனால்தான் அவரோடு சண்டை போடவும் வழியில்லாமல் இருந்தது.

அப்போது என் மகள் கைக்குழந்தை. கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். கைப்பிள்ளைக்காரி தனியாக வெளியே போகக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வாசலே தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கேட் சாவி அத்தையின் இடுப்பில். யாரும் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக் கேட்டே அடைத்து வைத்திருந்தார்கள். கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ இருக்க, நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மட்டும் ஊரைப் பார்த்தேன்.

அந்த நிலையில்தான் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். சொந்தக் கணினி வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயிற்சிக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. கணவர் ஏற்பாடு செய்த புதுக் கணினி சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்று அத்தை அதை மாடிப்படிக்கு அடியிலேயே வைத்துவிட்டார். இரவெல்லாம் அதற்குப் பழைய சேலை போர்த்தியிருந்தது.

ஞாயிறு பிற்பகல் நல்ல நேரம் மூன்றேகாலுக்கு என்று நாட்காட்டித் தாள் சொன்னது. திரைக்குச் சந்தனம், குங்குமம், எதிரில் சூடம். அத்தையே சுவிட்சைப் போட்டார். கணினி தன்னைத்தானே தயார் செய்துகொள்ளத் தொடங்கியது. நடுவில் அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. குழந்தை அழுதது, பால் கொடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது திரை இருட்டு. சுவிட்ச் அணைந்திருந்தது.

"நாலரைக்கு அதுவா அணைஞ்சு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுச்சுத்தா. ராகு காலத்துல பொறந்தா வெளங்குமா? அதான் அமத்திட்டேன். ஆறு மணிக்கு மேல போட்டுக்க," என்றார்.

அவர் கணக்கில் பிழையே இல்லை. இயங்கிக்கொண்டிருப்பதை ராகு காலம் ஒன்றும் செய்யாது, புதிதாகத் தொடங்குவதைத்தான் கெடுக்கும். அணைந்து எழுந்தால் அது புதுத் தொடக்கம்தானே. பாழாய்ப்போன கணினிக்குத்தான் அது தெரியவில்லை.

ஆறு மணிக்கு மேல் போட்டபோது அது எழவில்லை. சின்னப் புள்ளிகள் வட்டமாக ஓடும், பழுது பார்க்கிறேன் என்று எழுத்து வரும், இருட்டும், மறுபடி அதே புள்ளிகள். எழுவதற்குப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்னையே யாரோ திரையில் போட்டுக் காட்டுவது போலிருந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சாவி கேட்டேன்.

"பொழுது சாஞ்சுருச்சே. காலைல பாப்போம். நீ சாப்டியா?"

போனில் கிடைத்த கடைக்காரர், மறுநாள் பத்து மணிக்குத்தான் கடை திறப்போம் என்றார். நான் அழுதது கேட்டிருக்க வேண்டும். "புதுசுதானக்கா, உள்ள என்ன இருக்கு போறதுக்கு? எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஏத்துங்க. நடுவுல மட்டும் அமத்திராதீங்க," என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார். அன்று பாதி ஏறி உறைந்து நின்றுவிட்டது. விடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஏழரைக்குக் கொஞ்சம் பிந்தி, அணைந்து எழுவதற்காகத் திரை கறுத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம், சுவிட்சுக்குப் பக்கத்தில் அத்தை. அவர் கை பலகை வரை போய்விட்டது.

"அத்தை, இப்ப அமத்துனீங்கன்னா வேலை போயிரும். வேற எதுவும் எனக்கில்ல," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை, அழுத்தவுமில்லை. திரையில் புள்ளிகள் ஓடத் தொடங்கின.

"எனக்கும் ஒரு வேலை வந்துச்சு. பால்வாடில ஆயா வேலை," என்றார், சுவரைப் பார்த்தபடி. "அஷ்டமி நவமி கழியட்டும்னு எங்க மாமியா சொல்லுச்சு. கழிச்சுப் போயி நின்னேன். வேற ஒருத்தி பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தா."

உள்ளே போய், குதிகால் வெடிப்புக்குப் போடும் பிளாஸ்திரியைக் கொண்டுவந்து சுவிட்சின் மேல் குறுக்கே ஒட்டி, பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். "என் கையவும் நம்ப முடியாது," என்றார். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்து, உதட்டுக்குள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ராகு காலம் முடிவதற்குள் கணினி சுத்தமாக எழுந்துவிட்டது. ஒன்பது மணிக்கு நான் உள்ளே இருந்தேன்.

வேலை கிடைத்தது. வெளியே வந்தேனா என்றால் இல்லை. வீட்டிலேயே சம்பாதிக்கிறாள், இனி வெளியே என்ன வேலை என்று ஆகிவிட்டது. திறந்த கதவு அதே அறைக்குள் திறந்திருந்தது. கணினியைக்கூட இரண்டு தடவை மாற்றிவிட்டோம், நான் அதே நாற்காலியில். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கணவர் ஊரோடு வந்துவிட்டார். அத்தை போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கேட் சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். பசுமலை அலுவலகத்துக்குத் தினமும் வர முடியுமா, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று. நேற்றுத் திங்கள். காலையில் கணவர் நாட்காட்டி முன்னால் நின்றார்.

"அஷ்டமியா இருக்கே. ரெண்டு நாள் போகட்டும், நல்ல நாளாப் பாத்துச் சொல்லுவோம்," என்றார். அவரும் நல்ல மனுஷர்தான்.

நான் அறைக்குள் போனேன். மணி எட்டுகூட ஆகவில்லை, நடு ராகு காலம். இன்றே வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டு, கணினியை முறைப்படி மூடினேன். பிறகு நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினேன். அத்தை அழுத்தித் தேய்த்தது, சுலபத்தில் வரவில்லை. வந்த பிறகு சுவிட்சை அணைத்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.