நடுப்படம் பார்த்த மரைக்கார்

1954 ஜூலை 3, சனி: 60 சதம்.
ஜூலை 10, சனி: 60 சதம்.
ஜூலை 17, சனி: 60 சதம்.
ஜூலை 24, சனி: 60 சதம்.
ஜூலை 28, புதன்: நான்கு பேருக்கு, அரை விலையில், 1 ரூபாய் 20 சதம்.

இவ்வளவும் ஷரிபுதீன் மரைக்கார் தன் சொந்த மடியிலிருந்து கொடுத்தது. கொட்டகை முதலாளி அழகரெத்தினம் ஒவ்வொரு முறையும் கையைத் தடுத்துப் பார்த்தார். மரைக்கார் கேட்கவில்லை. விசாரிக்கப் போகிறவன் ஒரு பக்கத்தாரிடம் வெறுந்தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. சாகாமக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளிக்கு அவர் நெடுங்காலம் வட்டைவிதானையாக இருந்தவர். யாருடைய வயலுக்கு எப்போது வாய்க்காலைத் திறப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்பதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்பது வட்டைவிதானையின் வேலை. பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார் என்ற பேச்சு அவர்மேல் இருந்ததில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, கல்முனைச் சந்தைக்குப் பின்னால் பாண்டிருப்பு அழகரெத்தினம் தென்னங்கிடுகால் ஒரு படக் கொட்டகை போட்டார். ஆண்கள் போனார்கள். பெண்கள் போகவில்லை. ஞாயிறு பகலில் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி வைக்கலாமா என்று முதலாளி பள்ளிவாசல் நிருவாகத்திடம் கேட்டார். கறுப்புச் சீலை கட்டி மறைப்பதாகவும், கூடார வண்டிகள் வாசல்வரை வரலாம் என்றும் சொன்னார்.

நிருவாகத்தில் தாய்வழிக் குடிக்கு ஒருவராக ஏழு மரைக்கார்மார். தலைவர் மசூர் ஹாஜியார். ஏழு பேரில் ஒருவரும் படம் பார்த்ததில்லை, அல்லது பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் நான்கு படம் பார்த்து வந்து அபிப்பிராயம் சொல்லட்டும் என்று முடிவானது. எல்லோரும் ஷரிபுதீன் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க செல்றதுதான் தீர்ப்பு," என்றார் மசூர் ஹாஜியார். "ஆனா ஒண்டு. பிழையாச் செல்லி ஊருக்குள்ள குழப்பம் வந்தா, ஒங்கட கதிரய நாங்க திருப்பிக் கேப்பம்."

நிருவாகத்தில் அவர் அமரும் அந்த நாற்காலி, அவருடைய தகப்பன் இருந்த கதிரை. மரைக்கார் தலையாட்டினார்.

படம் மாலை ஆறே முக்காலுக்குத் தொடங்கும். அந்திநேர மஃரிபைத் தொழுதுவிட்டு அவர் போய் உட்காருவார். கதை பிடிபட்டு வரும் நேரம் பார்த்து இரவுத் தொழுகையான இஷாவுக்கு வாங்கு அழைப்புக் கேட்கும். எழுந்து பள்ளிக்கு நடப்பார். தொழுகையின் முன்வரிசையான முன்சஃபில், இமாமுக்கு நேர் பின்னால், அவருக்கென்று ஓர் இடம் உண்டு. படம் பார்க்கிற சனிக்கிழமையில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் ஊர் என்ன கதைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தொழுது முடித்துத் திரும்பி வரும்போது முக்கால் மணி நேரப் படம் ஓடிப்போயிருக்கும்.

முதல் ஞாயிறு காலையில் அடுப்படியில் வைத்தே விசாரணை தொடங்கியது. மனைவி பாத்தும்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மகள் றுகையா தேங்காய் துருவினாள். பாத்தும்மாவின் தங்கை ஹாஜறா அதே வளவில் அடுத்த வீட்டுக்காரி. கையில் பத்துச் சதப் பாட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். அந்தப் புத்தகத்தில் கதையின் தொடக்கம் மட்டும் இருக்கும். மீதியைப் படத்தில் பார்க்கச் சொல்லி நிறுத்தியிருப்பார்கள்.

"மச்சான், குதிரப் படம் எப்பிடி?"

"குதிர நல்ல குதிர," என்றார் மரைக்கார்.

"கதையச் செல்லுங்க."

"ராசாட மகன் தோட்டக்காரன்ட மகளுக்கு மோதிரம் குடுத்தான். நான் தொழப் போனன். வந்து பாக்கக்குள்ள அவள் கம்பிக்குள்ள மறியல்ல இரிக்கிறாள். ராசாக்குக் கண் தெரியல்ல."

"ராசாக்கு என்ன நடந்த?"

"அதத்தான் பக்கத்தில இருந்த பொடியன்ட்ட கேட்டன். பொறுங்க காக்கா, சண்ட வருது எண்டான்."

"சண்டயாவது நல்லமா?"

"நல்லம். ஆனா வாளத் தொடைக்காம உறையில போடுறான். துருப் பிடிக்கும்."

இரண்டாவது, வயற்காட்டுப் படம். அதில்தான் தனக்கு ஏதாவது விளங்கும் என்று நம்பிப் போனார். முதற்பாதியில் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சோறு தின்றார்கள். இஷாவுக்குப் பிறகு தம்பி கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்குப் பேசும் அப்புக்காத்து, அண்ணன் மாட்டுவண்டி ஓட்டுகிறான், ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. அதைவிட அவரைக் குழப்பியது வேறொன்று. பால்கூடப் பிடிக்காத பச்சை நெற்கதிரை ஒரு பெண் தாக்கத்தியால் அறுத்துக்கொண்டே பாடினாள். வயலின் சொந்தக்காரன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாதி ராத்திரி அது அவருக்கு நித்திரையைக் கெடுத்தது.

மூன்றாவது சிரிப்புப் படம். ஒரே முகத்தில் இரண்டு பேர். ஒருவன் டொக்டர், மற்றவன் சமையல்காரன். தொழுதுவிட்டு வந்த பிறகு எவன் எவன் என்று அவருக்குப் பிடிபடவேயில்லை.

"சிரிச்சயளா?" என்று பாத்தும்மா கேட்டாள்.

"சிரிச்சன்."

"என்னத்துக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

ஹாஜறா சொன்னாள்: "ஒங்களுக்கும் அதே முகத்தில இன்னொராள் இருந்தா நல்லம் மச்சான். ஒராள் தொழப் போக, மத்தாள் இருந்து படத்தப் பாக்கலாம்."

நான்காவது, மாமியார்ப் படம். அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

தொடக்கத்தில் கலியாணம். ஊஞ்சல் தொங்கும் பெரிய வீடு. பெண் சிரித்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நடமாடினாள். மரைக்காருக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. பெண்ணுக்கு வீடு கட்டி, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்து வருவதுதானே கலியாணம். அவரும் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயுமாகப் பாத்தும்மாவின் வீட்டுக்கு வந்தவர்தான். இஷாவுக்குப் போய்த் திரும்பினால் திரைக்குள் கொட்டும் மழை. பெண் கைப்பிள்ளையோடு தெருவில் நிற்கிறாள். மாமியார் கதவைச் சாத்துகிறாள். "இது என் வீடு, வெளியே போ" என்கிறான் புருஷன். மணலில் குந்தியிருந்த இளந்தாரிமார் கை தட்டினார்கள்.

இதைச் சொன்னபோது பாத்தும்மா பிட்டுக் குழலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவள்ர வீட்ட விட்டா அவளத் துரத்தின?"

"ஓம்."

"மாப்புளட உம்மாக்கு அந்த வீட்டில என்ன வேல? அவ எப்ப வந்த?"

"தெரியா. நான் வரக்குள்ள அவ உள்ளுக்கு இரிக்கிறா, புள்ள வெளியில நிக்கிது."

றுகையா பாட்டுப் புத்தகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இருவரும் இன்பமாக வாழ்ந்தார்கள், அப்போது விதி விளையாடியது என்பதோடு அது முடிந்திருந்தது.

"நடுவில வீட்டுறுதிய மாத்தி எழுதியிரிக்காங்க," என்றாள் ஹாஜறா, வீட்டுப் பத்திரத்தைச் சொல்லி. "வேற ஒண்டுமில்ல."

"ஒரு பொம்புள தன்ட வீட்ட எழுதிக் குடுப்பாளா?" என்றாள் பாத்தும்மா.

"அப்ப கள்ள உறுதி," என்றார் மரைக்கார். சொல்லிவிட்டு நெற்றியைத் தடவினார். வெள்ளிக்கிழமை நிருவாகத்தில் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். வழக்கின் நடுப்பகுதியைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? முதல் மூன்று படங்களும் மட்டக்களப்புக்குப் போய்விட்டன. இது மட்டும்தான் கொட்டகையில் இருந்தது.

அன்று பின்னேரமே அழகரெத்தினத்திடம் போனார்.

"நடுவ மட்டும் காட்டோணும்," என்றார்.

"மரைக்கார், அதுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல."

"தலையும் வாலும் என்னட்ட இரிக்கி. நீங்க நடுவக் காட்டுங்க."

முதலாளிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் புதன் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

இனி மரைக்கார் செய்தது அவருடைய பழக்கத்தால் வந்தது. வரம்புத் தகராறு என்றால் அவர் தனியே போய்ப் பார்ப்பதில்லை. தகராறு பேசினவர்களையும் கூட்டிக்கொண்டு போய் வரம்பில் நிறுத்தி வைத்துத்தான் பார்ப்பார். கள்ள உறுதி என்று அவரே, மாற்றி எழுதியது என்று ஹாஜறா, எழுதவே மாட்டாள் என்று பாத்தும்மா சொன்ன பிறகு, அவர்கள் இல்லாமல் பார்ப்பது அவருக்கு முறையாகப் படவில்லை. கூடார வண்டி கட்டி மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனார். பெண்கள் படம் பார்க்கலாமா என்று தீர்க்கத்தான் தன்னை அனுப்பினார்கள் என்பது வண்டி கொட்டகை வாசலில் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் ஹாஜறா இறங்கி உள்ளே போயிருந்தாள்.

நடுப்படம் ஓடியது. ஊஞ்சலில் ஒரு பாட்டு. தோட்டத்தில் ஒரு பாட்டு. சமையல்காரன் கிணற்றில் விழுந்தான். மாமியார் பல முறை முகத்தைச் சுளித்தாள். ஒரு தந்தி வந்தது. பிள்ளை பிறந்தது. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரும் வரவில்லை. எவரும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை.

"உறுதி எங்க?" என்றார் மரைக்கார் சத்தமாக.

படம் ஓட்டுகிறவன் மதுரைப் பக்கத்து ஆள். அறைத் துவாரத்தால் தலையை நீட்டினான்.

"என்னங்க தேடுறீங்க?"

"வீட்டுறுதி. அந்தப் புள்ளட வீடு எப்பிடிக் கைமாறின?"

"அது பொண்ணு வீடு இல்லைங்க. மாப்பிள்ளை வீடு. கல்யாணம் ஆனா பொண்ணுதானே அங்க போய் வாழணும்."

மூன்று பெண்களும் திரும்பி அறைத் துவாரத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப மாப்புள?" என்றாள் ஹாஜறா.

"அவரு அவங்கம்மாகூட அங்கயேதான் இருப்பாரு."

"கலியாணம் முடிச்ச பொறகும் உம்மாட வீட்டிலயா?"

"ஆமாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

பாத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "அந்த ஊரில பொம்புளப் புள்ளயள என்ன நம்பிக்கையில கலியாணம் முடிச்சுக் குடுக்கிறாங்க?"

அவன் அறைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் பெண்கள் ஊஞ்சல் பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். மரைக்காருக்கோ, நான்கு படத்தையும் தான் பிழையான வீடுகளில் வைத்துப் பார்த்துவிட்டதாகத் தோன்றியது. ஒரே தட்டில் தின்ற அண்ணனும் தம்பியும் யாருடைய வீட்டில் தின்றார்கள்? தோட்டக்காரன் மகளுக்கு வீடு இருந்ததா? ஒன்றைச் சரிப்படுத்தினால் மற்றது குழம்பியது.

"மச்சான்," என்றாள் ஹாஜறா வண்டிக்குள்ளிருந்து, "நீங்க வரக்குள்ள கொண்டு வந்த தகரப் பொட்டி இன்னும் இரிக்கா? தேவப்படாது, சும்மா கேட்டன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிருவாகம் கூடியது. மரைக்கார் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வாள், பச்சைக் கதிர், ஒரே முகம், ஊஞ்சல், மழை. கடைசியில் அபிப்பிராயம்.

"பொம்புளயள் பாக்கலாம். அவங்க எல்லாத்தயும் கேள்வி கேட்டுத்தான் பாக்கிறாங்க. இளந்தாரிமார்தான் பாக்கப்படாது. கேள்வி கேக்காமக் கை தட்டுறாங்க. இப்பிடி நாலு படம் பாத்தவன், கலியாணம் முடிச்ச வீட்டில நிண்டு, இது என்ட வீடு எண்டு செல்லிப் பாப்பான்."

ஒருவர் இருமினார். மசூர் ஹாஜியார் தாடியை நீவினார்.

"நாங்க கேட்டது பொம்புளயளப் பத்தி."

"அதுக்கும் செல்லிட்டன்."

"ஆம்புளயள் போகாட்டி அழகரெத்தினம் ஆருக்குப் படம் காட்டுற?"

"அது எனக்கு வெளங்கல்ல."

"நீங்க பொம்புளப் புள்ளக்கு வீடு கட்டிக்கொண்டு இரிக்கிறயள். அந்தப் பயத்தில செல்றயளோ?"

"இரிக்கலாம்," என்றார் மரைக்கார். அவர் உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"வண்டி கட்டிப் பொம்புளயளக் கூட்டிக்கொண்டும் போனயளாமே. நாங்க விடய குடுக்க முன்னம்."

"ஓம். வரம்பு பாக்கப் போனா வழக்காளியையும் கொண்டுதான் போற."

"ஆரு வழக்காளி?"

"என்ட ஊட்டுக்காறி."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மசூர் ஹாஜியார் சிரிக்கவில்லை. கதிரையைப் பற்றிக் கடிதத்தில் அறிவிப்பதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

செயலாளர் கலந்தர், ஷரிபுதீன் மரைக்காரின் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருந்தார். ஆனாலும் எதையும் தபாலில்தான் அனுப்புவார். முதற் கடிதம் ஓகஸ்ட் 16இல் வந்தது. நான்கு படத்தின் கதையையும் எழுதித் தரும்படி கேட்டிருந்தது. மரைக்கார் சொல்ல, றுகையா எழுதினாள். இரண்டாவது செப்டம்பர் 13இல் வந்தது. கண் தெரியாத ராசாவும் அப்புக்காத்தும் ஒரே படமா, வேறு வேறா என்று கேட்டிருந்தது. அதற்கும் எழுதினார்கள். எழுதி முடித்தபோது மரைக்காருக்கே அது சந்தேகமாக இருந்தது.

அந்த நாட்களில் அவர் முன்சஃபில் தன் இடத்தில் நின்றார். தொழுகை முடிந்ததும் நிருவாக அறைப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தார். பெண்பிள்ளை பெற்றவர்கள் அவர் கையைச் சற்று அழுத்திப் பிடித்து ஸலாம் சொன்னார்கள். ஆண்பிள்ளை பெற்றவர்கள் ஸலாத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தான் சொன்னது சரியா பிழையா என்று பாத்தும்மாவிடம் கேட்டார். "தீர்ப்புச் சரி," என்றாள் அவள். "ஆனா கேட்ட கேள்விக்குரிய தீர்ப்பு இல்ல." அது ஆறுதலா குறையா என்று அவருக்கு விளங்கவில்லை.

மாரி மேகம் திரண்டதும் அழகரெத்தினம் கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார். கோடைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்றாவது கடிதம் வந்தது. அதோடு கடிதப் போக்குவரத்து நின்றது. றுகையா உரத்து வாசித்தாள். மரைக்காரின் அறிக்கைகளை நிருவாகம் பல முறை பரிசீலித்தும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. எனவே கதிரை அவரிடமே இருக்கலாம். பெண்கள் காட்சிபற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. அடுத்த கோடையில் கொட்டகை வந்ததும் நிருவாகத்தினர் ஏழு பேரும் நேரில் சென்று, படங்களை முதலிலிருந்து கடைசிவரை, இடையில் எழுந்து போகாமல் பார்வையிட்டுத் தீர்மானிப்பார்கள்.

மரைக்கார் கடிதத்தை வாங்கி, தானும் ஒரு முறை பார்த்தார். வென்றதா தோற்றதா என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"ஏழு பேரும் கொட்டகைக்குள்ள இருந்தா," என்றாள் ஹாஜறா, "முன்சஃபில ஆரு நிக்கிற?"

மரைக்கார் கடிதத்தை மடித்து மடியில் செருகினார். கதிரை இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. அந்தக் கடிதம் வந்தது 1954 ஒக்டோபர் 21, வியாழக்கிழமை.