சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

திருப்பதி ஆசுபத்திரியில் கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது, "வெங்கடேசுலு எங்க?" என்பதுதானாம். "அவரு பூட்டாருங்க" என்றாள் என் மனைவி கிரேஸ். நான் ஓவென்று அழுதேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "வெங்கடேசுலு எங்க?" என்று கேட்டேனாம். அவள் மறுபடி சொன்னாளாம். நான் மறுபடி புதிதாக அழுதேனாம்.

அந்த ஒரு பகலில் பதினோரு முறை இப்படி நடந்தது. பன்னிரண்டாம் முறை கேட்டபோது, "புத்தூர்லதான் கீறாரு, கண்ண மூடிக்கினு தூங்குங்க" என்று சொல்லிவிட்டாள். பொய் சொன்னதற்காக உடனே கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

இதற்கு டாக்டர் சொன்ன பெயர் கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை குலுங்கிப்போவது). கேட்டது மறந்துபோவது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் மோதலுக்கு முந்தின கால் மணி நேரம் மட்டும் திரும்பி வரவில்லை. வடமாலப்பேட்டையில் ஒரு ஆயில் இன்ஜினைப் பழுது பார்த்துவிட்டுக் கை கழுவியது ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்தது இந்தக் கட்டில்.

வலது தொடை எலும்பு ஒடிந்திருந்தது. காலைத் தூக்கி, கயிறு கட்டி, கட்டில் முனையில் எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இதற்கு டிராக்ஷன் (ஒடிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி இழுத்து வைப்பது) என்று பெயர். எட்டு வாரம் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும்.

இன்று அதேபோலக் கிடக்கும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எலும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு வேறு வேலை கிடையாது, ஒட்டிக்கொள்ளும். உங்களைப் பார்க்க வருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் புத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் இரண்டே இரண்டுதான். ஒன்று என்னுடையது. கடலைக்காய்க் கொல்லைகளில் ஓடும் இன்ஜின்களைப் பழுது பார்க்கிற எனக்கு அது தொழிலுக்கு வேண்டியிருந்தது. இன்னொன்று எண்ணெய் மில் வைத்திருந்த வெங்கடேசுலுவுடையது. அவருக்கு அது ஆசைக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான சாலையில் அந்த இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இதைக் கேட்டவர்களில் சிரிக்காமல் இருந்தவர்கள் குறைவு. சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு வந்த முதல் பழி மோதலுக்காக இல்லை, ஆசுபத்திரிக்காக. எலும்பு முறிந்தால் மெட்ராஸிலிருந்துகூட ஜனங்கள் புத்தூருக்கு வருவார்கள். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டுகிற புத்தூர்க் கட்டு அவ்வளவு பிரசித்தம். அந்தப் புத்தூர்க்காரன் காலை ஒடித்துக்கொண்டு திருப்பதிக்கு வந்து இங்கிலீஷ் வைத்தியத்தில் படுத்திருப்பது ஊருக்கே மானக்கேடு. அந்த வழியாக வந்த பஸ்ஸில் என்னை மயக்கத்தோடு ஏற்றியபோது பஸ் திருப்பதிப் பக்கம் பார்த்து நின்றது. அது என் குற்றமா?

என் சித்தப்பா வந்தபோது ஒரு முட்டையையே மடியில் கட்டிக்கொண்டு வந்தார். "டாக்டரு அந்தாண்ட போனதும் கயித்த அவுத்துடலாம்டா" என்று காதில் சொன்னார். கிரேஸ் அந்த முட்டையை வாங்கி வேகவைத்து அவருக்கே கொடுத்துவிட்டாள்.

இந்தச் சித்தப்பாதான் எனக்கு இன்னொரு விஷயத்தையும் தெரியப்படுத்தினார். அதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புத்தூரில் வெங்கடேசுலு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், அப்படியே அடுத்த பஸ் பிடித்து என்னையும் பார்க்க வந்தார்கள். இரண்டு காரியமும் ஒரே நாளில் முடிந்துவிடும். திருப்பதி வரைக்கும் வந்தவர்கள் மலை ஏறிச் சாமி பார்க்கலாம் என்றால் தீட்டு. ஆகவே சாமிக்கு வைத்திருந்த நேரத்தையும் எனக்கே கொடுத்தார்கள்.

சாவு வீட்டிலிருந்து குளிக்காமல் வருகிறார்களே என்று கிரேஸுக்கு ஆத்திரம். "நமக்கு அதெல்லாம் கெடையாது, நாம சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க" என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டு வார்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தாள். கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. நர்ஸம்மா அதைச் சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டு அவளைப் பாராட்டினார்.

வந்தவர்கள் எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். "நீங்க ஓரமாத்தான் வந்திருப்பீங்க மெக்கானிக்கு, அந்த மனுசன்தான் ஆட்டத்துல நடுவுல வந்திருப்பாரு" என்று செத்தவர்மேல் பழி போட்டார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தக் கால் மணி நேரம் எனக்கு இல்லை. என் சிநேகிதனைக் கொன்றது நானா இல்லையா என்று எனக்கே தெரியாது.

சித்தப்பா அன்றைக்கு வெயிலில் வந்து சோர்ந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, "நல்ல மனுசன். அந்தப் பாவி மெக்கானிக்கு மட்டும் கொஞ்சம் பாத்து வந்திருந்தான்னா..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, தொங்கும் எடையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் புரிந்தது. சாவு வீட்டில் என்மேல், இங்கே செத்தவர்மேல். பழி தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது.

சித்தப்பா ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் அப்படிப் போனதும் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. துக்க வீட்டில் "போய் வருகிறேன்" என்று யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், சட்டென்று எழுந்து நடந்துவிடுவார்கள். என் கட்டிலிலிருந்தும் ஜனங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கவனிக்க ஆரம்பித்தேன். பத்துப் பேர் வந்தால் இரண்டு பேர் சொல்லிக்கொண்டார்கள். அந்த இருவரும் சித்தூரிலிருந்து நேராக வந்தவர்கள்.

காலையில் அங்கே சொல்லாமல் எழுந்த பழக்கத்தில் இங்கேயும் எழுந்துவிடுகிறார்கள் என்று இன்று தெரிகிறது. மல்லாந்து கிடப்பவனுக்கு அப்படித் தோன்றாது. ஒன்று, நான் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் இவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால், இவன் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று போகிறார்கள். இரண்டில் எது மேல் என்று யோசித்தே எனக்கு ஜுரம் வந்துவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். அவர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுவார்.

"சார், நெஜத்த சொல்லுங்க. நான் செத்துடுவனா?"

"ஏமய்யா, யாரு செப்பினது?"

"யாரும் போய்ட்டு வரேன்னு சொல்லமாட்றாங்க சார்."

அவர் நாடியைப் பார்த்தார், கட்டுப் போட்ட தலையையும் பார்த்தார். குலுக்கல் இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பார். கிரேஸ் விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இதிகோ, தொடை எலும்பு உன்ன சம்பாது. ஈ விசிட்டர்ஸ் சம்புவாங்க. நேனு ஆர்டர் போடறேன்" என்றார். (சம்புவது என்றால் கொல்வது.) மறுநாளிலிருந்து வருகிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நர்ஸம்மா வாசலில் நின்று மிரட்டினார். சிலர் பயத்தில் இரண்டு முறை சொன்னார்கள். கேட்டு வாங்கிய வார்த்தையில் எனக்கு ஜுரம் இறங்கவில்லை.

இதற்கு நடுவில் போலீஸ் விசாரணையும் நடந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லை பேசி முடியாத வருஷங்கள் அவை. நாங்கள் மோதிய இடமும் அந்தப் பேச்சில் சேர்ந்ததுதான். பார்த்த சாட்சி ஒருவன், ஆடு மேய்க்கிற மாரி. தெலுங்கில் கேட்டவர்களிடம் தமிழ்க்கார மெக்கானிக் நடுவில் வந்தான் என்று தெலுங்கில் சொன்னான். தமிழில் கேட்டவர்களிடம் தெலுங்குக்கார மில் முதலாளி நடுவில் வந்தார் என்று தமிழில் சொன்னான். இரண்டு பாஷையும் தெரிந்த ஏட்டு ஒருவர் அவனை மடக்கினார். "சாமி, ரெண்டு பேரும் நடுவுலதான் வந்தாங்க" என்று அழுதான். வழக்கு அத்தோடு நின்றது.

அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எங்கள் பழக்கமே அதுதான். எதிரெதிரே வந்தால் இருவரும் நடுச்சாலைக்கு வருவோம். சக்கரத்தோடு சக்கரம் தொடுகிற மாதிரி நிறுத்தி, காலை ஊன்றி, இன்ஜினை அணைக்காமல் பெட்ரோலைப் பற்றியும் பிளக்கைப் பற்றியும் பேசுவோம். பின்னால் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரர்கள் எங்கள் இரண்டு பரம்பரையையும் இழுத்துத் திட்டுவார்கள். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, அன்றைக்கு மட்டும் ஏன்?

நாற்பதாம் நாள் பதில் கிடைத்தது. வார்டு வாசலில் எங்கள் சர்ச் உபதேசியார் தெரிந்தார். மரியாதைக்கு வலது கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சாலை, எதிரே வெங்கடேசுலுவின் வெள்ளைச் சட்டை, என் வலது கை மேலே. அவ்வளவுதான் திரும்பி வந்தது. முன்சக்கரத்து பிரேக் அந்த வலது கையில்தான் இருக்கிறது. சாலையில் அன்று புதுக் கப்பி (உடைத்த சரளைக்கல்) கொட்டியிருந்தார்கள். கால் பிரேக்கை மட்டும் மிதித்தால் கப்பியில் வண்டி நிற்குமா? மெக்கானிக்கான எனக்கு இது தெரியாதா?

உபதேசியார் கட்டிலருகே நின்று, அதிவேகம் என்கிற சத்துருவிடமிருந்து என்னைக் காக்கும்படி நீளமாக ஜெபம் செய்தார். நான் ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்.

கிரேஸிடம் மட்டும் சொன்னேன். "யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். வெங்கடேசுலுவின் மனைவி சரோஜாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றேன். மூன்று நாள் சண்டை போட்டோம். எழுந்து ஓட முடியாதவனோடு சண்டை போடுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

ஐம்பதாம் நாள் சரோஜாவே வந்துவிட்டார். விஜயபுரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். இவ்வளவு சீக்கிரம் வாசல் தாண்டியதற்கு ஊர் வாயில் விழுந்திருப்பார். மில் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட வந்ததாகச் சொன்னார். கிரேஸ் வாளியைச் சட்டென்று காலால் தள்ளி மறைத்துவிட்டாள்.

"யம்மா, தப்பு எம்மேலதான். கையத் தூக்கிட்டேன். வலது கைய. பிரேக்க உட்டுட்டேன்" என்றேன்.

அவர் தொங்கும் எடையைப் பார்த்தார்.

"அவரும் தூக்கித்தான் இருப்பாரு" என்றார். "எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். வண்டி மேல ஒக்காந்துகினு சலாம் போடாத, போட்டே தீரணும்னா எடது கையால போடுன்னு. கேட்டாரா? எடது கையால கும்புட்டா மெக்கானிக்கு அண்ணன் இன்னா நெனச்சிக்குவாருன்னு எங்கிட்டயே கோச்சிக்கினாரு."

"நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டம்மா" என்றேன். அதைச் சொல்லவேண்டியது அவரிடம் இல்லை என்று சொன்ன பிறகு தெரிந்தது. மூன்று பேரும் அழுதோம். நடுவில் சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பெரிய மனுசங்க, மரியாத குடுத்துக்கினே மோதிக்கினாங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொடை வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

பேச்சின் நடுவிலேயே அவர் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அன்று நர்ஸம்மா அங்கே இல்லை.

வாசலில் நின்று திரும்பினார். "போய்ட்டு வரேண்ணா."

அன்று சாயந்தரம் ஜுரம் இல்லை.

இப்போது என் வலது கால் அரை அங்குலம் குட்டை. நடந்தால் பூமி ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, பழகிவிட்டது. வண்டியில் போகும்போது எதிரே யார் வந்தாலும் இடது கையைத் தூக்குகிறேன். திமிர் பிடித்தவன் என்று புத்தூரில் பேச்சு. அந்தக் கால் மணி நேரத்தில் மிச்சம் எதுவும் இதுவரை திரும்பவில்லை, இனி வராது என்கிறார் டாக்டர்.

அந்த இடம் வந்தால் வண்டியை நடுச்சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நல்ல காலை ஊன்றிக்கொண்டு, இன்ஜினை அணைக்காமல், பெட்ரோலைப் பற்றியும் பிளக்கைப் பற்றியும் பேசி முடிக்கிற நேரம் நிற்கிறேன். பின்னால் மாட்டு வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. வண்டிக்காரர்கள் இப்போது ஒரு பரம்பரையை மட்டும்தான் திட்டுகிறார்கள்.

கட்டிலில் கிடந்ததால் வெங்கடேசுலு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க நான் போகவே இல்லை. ஊரில் போகாதவன் நான் ஒருவன்தான். அதனால் நான் மட்டும் அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம்.

"போய்ட்டு வரேன் வெங்கடேசுலு" என்று சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுகிறேன்.