புத்தருக்குப் போட்ட தோப்புக்கரணம்

இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. உள்ளே போக எனக்கு எப்போதும் கூச்சம். நேற்று வாசலில் தயங்கி நின்றபோது, அடுத்த கடைப் போறணை அடுப்பில் பாண் வேகும் மணம் வந்தது. அவ்வளவுதான், சின்ன வயதில் இருந்த வவுனியாவுக்குப் போய்விட்டேன்.

அங்கே எங்கள் தெரு முனையில் ஒரு சிங்களவரின் பேக்கரி. விறகுப் புகையும் சூட்டுப் பாணும் சேர்ந்து மணக்கும். அப்பா பாணை நாலு தரம் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருநாள் அதற்குள் நான் கடை முற்றத்து அரச மரத்தடிக்கு ஓடி, அங்கிருந்த சிலைக்கு முன்னால் காதைப் பிடித்து மளமளவென்று தோப்புக்கரணம் போட்டேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய் விசரா, அது பிள்ளையாரில்லை, புத்தர்!"

"அவர் ஆர்? என்ன செய்தவர்?"

அக்காவுக்குத் தெரியவில்லை. அப்பா, "சத்தம் போடாதை, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். பிறகு போர் வந்தது. சிங்களவரின் சாமி என்பதால், புத்தரைப் பற்றிக் கேட்பதே எங்களுக்குள் பிழையாகிவிட்டது. என் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

நேற்று துணிந்து உள்ளே போய், புத்தரைப் பற்றி மிக எளிதான புத்தகம் ஒன்று கேட்டேன். கடைக்காரப் பெண் பெரிய எழுத்தில், படங்களோடு ஒன்றை நீட்டினாள்.

"பிள்ளைக்கா?" என்று இத்தாலியனில் கேட்டாள்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"இல்லை, எனக்குத்தான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். விளங்கியது! அடுத்த பக்கத்தை அவசரமாகப் புரட்டினேன்.