கதவோரத்துத் தோல் வார்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆம்பூரில் ஹைவே ஓரமாக இருக்கும் எங்கள் சீட் கவர் கடையில் நடந்தது இது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனியில் தையலுக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து கார் சீட் தைக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒரு வண்டியிலிருந்து கழற்றியது ஒரு நூலாக இருந்தாலும், அந்த வண்டி போய்ச் சேரும்வரை கோணிப்பையில் போட்டு வைத்திருப்பேன்.

ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர், காலமான தன் அப்பாவின் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். தோல் வியாபாரம் செய்கிற குடும்பம். பழைய கார் கண்காட்சியில் வண்டியை நிறுத்த வேண்டும் என்றார். கம்பெனியிலிருந்து இறங்கிய மாதிரியே இருக்கும் வண்டிக்குத்தான் அங்கே மதிப்பாம். அப்புறமாக மாட்டிய ஒவ்வொன்றுக்கும் மார்க்கைக் குறைப்பார்களாம். பழைய போட்டோ ஒன்றை நீட்டி, “இதுல இருக்கிறபடியே இருக்கணும். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்” என்றார்.

சீட்டின் மடிப்புகளைக்கூட எண்ணி எண்ணித் தைத்தேன். பின்கதவுக்கு மேலே, உள்பக்கம் ஒரு தோல் வார் இருந்தது. இரண்டு முனையும் ஆணியடித்து, நடுவில் தொங்கலாக விட்டது. போட்டோவில் அது இல்லை. ஆனால் நல்ல எருமைத்தோல், மெழுகு நூலில் கைத்தையல். நடுப்பகுதி மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. வருஷக்கணக்காக யாரோ பிடித்துப் பிடித்து ஆன கறுப்பு அது. தோலோடு வளர்ந்தவளுக்கு இது தெரியாதா?

கேட்கலாம் என்று வெளியே வந்தேன். அவர் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். படித்தவரிடம் போய் நாம் என்ன கேட்பது, இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று பயம் வந்துவிட்டது. ஆணிகள் துருப்பிடித்து அசையாததால், வாரை நடுவில் வெட்டி, ஒவ்வொரு பக்கமாக நெம்பி எடுத்தேன். இரண்டு துண்டும் கோணிப்பைக்குள் போயின. மேலே புதுத் துணி ஒட்டியதும் அங்கே ஒன்று இருந்த தடமே இல்லை.

வண்டி எடுக்க வந்த அன்று அவருடன் அவருடைய அக்காவும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. வண்டியைச் சுற்றிப் பார்த்து மாஷா அல்லா என்றார். பின்கதவைத் திறந்தார், ஊன்றுகோலை உள்ளே வைத்தார், நிமிர்ந்து பார்க்காமலேயே வலது கையை மேலே நீட்டினார். கை புதுத் துணியில் இங்கும் அங்கும் தடவியது. அப்படியே சாய்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன். என் தோளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்பா வெச்சது எங்கடா?”

“அது சும்மா சாமான் தொங்க வுடுற வாருன்னு நெனச்சேன் ஆபா.” அவர்கள் வீட்டில் அக்காவுக்கு ஆபா.

“நீ ஹாஸ்டல்ல இருந்தே, உனக்கு இன்னா தெரியும்? அதைப் புடிச்சித்தான் நான் காலேஜுக்கு ஏறுனேன். கம்பெனிக்காரன் என் காலைப் பாத்தா வண்டி செஞ்சான்?”

நான் கோணிப்பையை எடுத்து வந்தேன். “நான் கேட்டிருக்கணும்க்கா. கேக்க பயந்துக்கினு வெட்டிட்டேன்” என்றபோது அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா இரண்டு துண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தம்பி மெதுவாக, “மார்க் போனா போவுது. திரும்ப மாட்டும்மா” என்றார்.

கைபடும் இடத்தில்தான் வெட்டியிருந்தேன். அடியில் புதுத்தோல் வைத்துச் சுற்றிக் கையாலேயே தைத்தேன். கறுப்பு நடுவே புதுசு பளிச்சென்று தெரிந்தது. சாயம் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்மா. நான் புடிக்கப் புடிக்க அதுவே கறுத்துடும்.”

பழைய இடத்திலேயே ஆணியடித்து மாட்டி, அறுந்துவிடுமோ என்று நானே பத்துத் தடவை தொங்கிப் பார்த்தேன். “அக்கா ஏர்றதுக்குள்ள நீயே அத்துடுவே போலக்கீது” என்றார் என் வீட்டுக்காரர். அந்த அக்கா கலகலவென்று சிரித்துக்கொண்டே வாரைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை என்று தம்பி போன் செய்தார். ஆபா பின்சீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாராம். போன மாதம் கதவு ரப்பர் மாற்ற வண்டி வந்தபோது பார்த்தேன். நான் வைத்த புதுத்தோல் லேசாகப் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த வண்டியில் பிளேடு வைப்பதற்கு முன்பும், யாராக இருந்தாலும், “இது யாருக்காக வெச்சது?” என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுத் துணியில் பிடிமானம் தேடித் தடவிய அந்தக் கையை நினைத்தால், என் பயம் எனக்கே சின்னதாகிவிடுகிறது.