சமையலறைச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

சுரங்கத்துக்கு மேலே குடியிருப்பவர்களுக்குச் சர்வேயரைக் கண்டாலே கிலி பிடிக்கும். மனிதர் என்னவோ பரம சாது. நிலம் எங்கே அமுங்குகிறது, எந்தக் கதவு நிலையில் இடிக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. சுவரில் விரிசல் கண்டால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, அதன்மேல் தேதி எழுதுவார். கண்ணாடி உடைந்தால் வீடு நகர்கிறது என்று அர்த்தம்; சுரங்கக் கம்பெனி மாற்று வீடு கொடுத்தாக வேண்டும்.

அவருடைய அக்கா வீட்டுச் சமையலறையிலும் ஒன்று ஒட்டியிருந்தார். வந்து பார்த்தபோதெல்லாம் அது முழுசாகவே இருந்தது. அதை நம்பித்தான் கம்பெனி அந்தத் தெருவுக்கு அடியில் வெட்ட ஆரம்பித்தது.

அன்றைக்கு டீயைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தவருக்கு ஏதோ உறுத்தியது. தேதி முத்து முத்தாக இருந்தது. அவர் கையெழுத்தோ கோழி கிளறியதுபோல் இருக்கும்.

"அக்கா, இதை யார் எழுதினது?"

"உங்க மாமாதான்டா. நீ ஒட்டினது தானா உடைஞ்சு போச்சு. சரியா ஒட்டலைன்னு ஆபீஸ்ல உனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னு அவரே வேற வெட்டி ஒட்டிட்டாரு."

மாமா படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர். கண்ணாடிக்கா பஞ்சம்!

"ஒரு தடவைதானா?"

"எங்கடா! அது உடைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. அவரும் சளைக்காம மாத்திக்கிட்டேதான் இருக்காரு."

சர்வேயர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? பாசத்தில் செய்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது? நேரே மேனேஜரிடம் ஓடினார்.

"உங்க அக்கா வீடாச்சே. உடைஞ்ச கண்ணாடி எங்கே?" என்றார் மேனேஜர்.

"தூக்கிப் போட்டுட்டாங்க சார்."

"அப்ப புதுசா ஒட்டுங்க. உடைஞ்சா பார்ப்போம்."

"அதுவரைக்கும் கீழே வேலையை நிறுத்தச் சொல்லுங்க சார்."

"முழுசா நிக்கிற வீட்டுக்காகவா? வீடு உறுதின்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதானே?"

சர்வேயர் திரும்பி வந்து அக்காவிடம், "பேசாம என் வீட்டுக்கு வந்துடுங்க" என்று கெஞ்சினார்.

"நாங்களா காலி பண்ணினா ஒண்ணும் கிடைக்காதுன்னு நீதானே சொன்னே? இந்த வீட்டை விட்டா எங்களுக்கு வேற என்னடா இருக்கு?"

சொன்னது உண்மைதான். கம்பெனி சட்டம் அப்படி. வேறு வழியில்லாமல் புதுத் துண்டை ஒட்டினார். மாமா குற்றவாளிபோல் நின்று சாந்து குழைத்துக் கொடுத்தார்.

"இந்தத் தடவை சத்தியமா தொட மாட்டோம்டா" என்று அக்கா தம்பியைத் தேற்றினாள். அதே சுவரோரம் உட்கார்ந்து காய் நறுக்கத் தொடங்கினாள்.

சர்வேயர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். கூடப் பிறந்தவள் உள்ளே இருக்கும்போதே, அந்தச் சுவர் சீக்கிரம் விரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.