வருஷம் திரும்பும் முன்

என் மனைவி வைகாசியில் இறந்தாள். ஆடி அமாவாசையன்று குற்றால அருவிக்கரையில் அவளுக்கு நான் செய்ய வேண்டிய முதல் தர்ப்பணத்தைச் செய்யவில்லை. உறவினர்கள் அதைப் பிழை என்கிறார்கள். பிழையன்று என்று பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

மகளின் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. நடக்கத் தொடங்கியதும் உடல் இடப்பக்கம் சாய்ந்தது. அதை முதலில் கண்டவள் என் மனைவிதான். நோய்ப்படுக்கையில் இருந்தபடி, கூடத்தைக் கடந்த குழந்தையைப் பார்த்து, "இவளுக்கும் என் காலுதான்" என்றாள். அதற்குமேல் அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காலுக்கு ஏற்ப என் நடையைக் குறைத்துக்கொண்டவன் நான்.

எக்ஸ்ரே அவள் சொன்னதை உறுதிசெய்தது. தொடையெலும்பின் பந்து, இடுப்பின் கிண்ணத்தில் அமராமல் வெளியே நின்றது. குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் மாதத்தில் ஒரு நாள் மட்டுமே தென்காசிக்கு வருகிறவர். மூட்டைத் திறந்து பந்தை உள்ளே அமர்த்தி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் எலும்பையும் வெட்ட நேரலாம். மிகவும் தள்ளிப்போட்டால் முழுதாகச் சரியாகாது. அவர் குறித்துத் தந்த நாள் ஆடி அமாவாசை.

செய்தி கேட்டு மேலகரத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்தார். சாவு விழுந்த வீட்டில், வருஷம் திரும்பும்வரை பிள்ளைகள் உடம்பில் கத்தி படக்கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அந்த வழக்கத்தை நான் நன்கு அறிவேன். என் மனைவியின் இரண்டாம் வயதில், வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் அவளுக்கும் நாள் குறித்திருந்தார்கள். அவளுடைய தாத்தா இறந்தார். வருஷம் திரும்பியது, பிறகு நடவு, பிறகு ஒரு கல்யாணம். கடைசியில் அழைத்துப் போனபோது அவளுக்கு ஆறு வயது. காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

மைத்துனர் குரலை உயர்த்தவில்லை. "வருசம் திரும்பட்டும் அத்தான். எங்கக்கா இந்தக் காலோட அறுபத்தெட்டு வயசு வாழலையா? என்ன கொறஞ்சு போச்சு?"

"குத்தாலத்துக்கு ரெண்டு மைல்ல பொறந்தவ. ஒரு நாளாவது அருவியில நின்னிருக்காளா? வழுக்குற பாறையில அந்தக் கால் தாங்காது. நாம எல்லாரும் குளிச்சு முடிக்கிற வரைக்கும் துணிக்குக் காவல் இருந்தா."

மருமகன் ராணுவத்தில் இருக்கிறார். தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார். மருத்துவமனையின் சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதுவரை தயங்கி நின்ற மகள், என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டாள்.

அமாவாசையன்று காலையிலிருந்தே சாரல். அறுவை சிகிச்சை அறையின் வாசலில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஊரே அருவிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்திருக்கும். மருத்துவர் வெளியே வந்து புதிய படத்தைக் காட்டினார். பந்து உள்ளே இருந்தது.

பத்தாம் நாள் மைத்துனர் பழத்தோடு வந்தார். இரு கால்களும் அகன்று மாவுக்கட்டுக்குள் கிடந்த குழந்தையை வெகுநேரம் பார்த்தார்.

"அக்காவுக்குத் தண்ணி விடலையே அத்தான். அவ மனசு ஆறுமா?"

"அடுத்த வருசச் சாரலுக்கு இவ அருவியில நிப்பா. அன்னைக்கு விடுதேன். துணிக்கு நீ காவல் இரு."