இறக்கை மேல் டயர் தடம்

விபத்துக்குப் பின் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் ஆவடியிலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். நான் பிழைத்ததற்காக என்றுதான் அப்பா நினைத்தார். கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு அந்த மனிதர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"விசாரணைல, தப்பு தன்னோடதுன்னு பொண்ணு சொல்லிடட்டும். ஸ்டூடண்ட்தானே, விட்டுடுவாங்க. எனக்கு லைசன்ஸ் போயிடும்."

நடந்தது இதுதான். பள்ளியின் சிறிய விமானத்தில் நான் தனியாக, ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஊர் காட்டப் போயிருந்த இவர், ரேடியோவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குறுக்கே புகுந்து எனக்குப் பின்னால், சற்று மேலே இறங்கினார். அவருடைய சக்கரம் என் வலது இறக்கையில் மோதியது. விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. வேகத்தைக் குறைத்தால் புரண்டுவிடும் போலிருந்ததால், இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, வேகமாகவே இறக்கினேன். ஓடுபாதை தாண்டிப் புதரில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் இறங்கிய அவர் எல்லோரிடமும் "பொண்ணு மேல ஏறி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதுவரை அவரை சார் என்றே அழைத்த அம்மா, அம்பத்தூர்க்காரி, பெட்டியை அவர் மடியிலேயே வைத்தாள். "எம்பொண்ணு உசுரோட ஊட்டுக்கு வந்துகீறா. அவ பொய் சொல்லி நீ பொழைக்கணுமா நைனா? எடுத்துகினு கெளம்பு." அவர் எடுத்துக்கொண்டுதான் போனார்.

விசாரணை அதிகாரி அதிகம் பேசாதவர். கொட்டகையில் இரண்டு விமானங்களையும் பக்கத்தில் நிறுத்தி, என் இறக்கையின் மேலிருந்த கறுப்பு ரப்பர் தடத்தைக் காட்டினார். பின்விளிம்பில் தொடங்கி முன்னால் ஓடியிருந்தது. ஆணித் தலைகளும் முன்பக்கமாகவே நசுங்கியிருந்தன. மோதியவர் பின்னாலிருந்து வேகமாக வந்திருக்கிறார் என்பதற்கு அது போதும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ரேடியோ ஒலிப்பதிவில் என் குரல் மட்டும் இருந்தது. அதைக் கேட்ட பிறகு தலைமைப் பயிற்றுநர் சூரியன் கண்ணில் அடித்தது என்றார். சூரியன் அவர் முதுகுப்பக்கம் இருந்தது. லைசன்ஸ் போயிற்று.

இப்போது நான் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். போன மாதம் எங்கள் காட்டுப்பாக்கம் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் அதே பயிற்றுநர்தான். நடுவானில் மோதி இரண்டு விமானங்களைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் எழுந்தேன்.

"இன்னொரு விமானத்துல இருந்தது யாரு சார்?"

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்: "யாரோ ஒரு பொண்ணும்மா. பயந்து அழுதுட்டிருந்தா, ரேடியோல நான்தான் தைரியம் சொல்லி இறக்கினேன்."

"நான்தான் சார் அது. ரேடியோல நீங்க பேசவே இல்லையே."

பிள்ளைகள் என் பக்கம் திரும்பினார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மைக் சரியா கேக்கலை" என்றார்.